மாமனாரை ஏற்றிக்கொண்டு போன டாங்கி

தானாகப் போகிற எந்த வண்டியிலும் மாமனாரை ஏற்றக் கூடாது. மாமனார் ஆகப்போகிறவரை அந்த வண்டியின் பக்கத்தில்கூட விடக் கூடாது. டிப்ளமோ படித்த மூன்று வருஷத்தில் மோட்டார், சென்சார், சர்க்யூட் என்று என்னென்னவோ சொல்லிக் கொடுத்தார்கள். இந்த ஒன்றையும் சொல்லித் தந்திருந்தால் நானும் நாலு பேரைப் போல மானத்தோடு வாழ்ந்திருப்பேன்.

என் பெயர் பேச்சியம்மாள். ஊர் சங்கரன்கோவில் பக்கம். வேலை ஒரகடத்தில், கார்க் கதவின் உள்பக்க அட்டை செய்யும் ஒரு தொழிற்சாலையில், மெயின்டனன்ஸ் பிரிவில். (கம்பெனி பெயரைக் கேட்காதீர்கள். பாவம், அவர்களே மறக்க முயற்சி செய்துகொண்டிருக்கிறார்கள்.) சேர்ந்த புதிதில் எனக்குத் தெரியாதது இந்தப் பூமியில் எதுவுமே இல்லை என்று உறுதியாக நம்பினேன். ஸ்ரீபெரும்புதூர் ஹாஸ்டலில் என்னோடு ஒரே அறையில் இருந்தவள் மாரீஸ்வரி, சாத்தூர்க்காரி, அசெம்ப்ளி லைனில் லீடர். "ஏ பேச்சி, உன் வாய்க்கொழுப்பு ஒரு நா இல்ல ஒரு நா நம்ம கம்பெனிய நிப்பாட்டப் போவுதுடி" என்று அடிக்கடி சொல்வாள். நான் சிரிப்பேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

எங்கள் ஷெட்டில் ஆளில்லாமல் ஓடும் வண்டிகள் உண்டு. கட்டில் உயரம்கூட இருக்காது. தரையில் ஒட்டியிருக்கும் காந்தப் பட்டையை மோந்து பார்த்துக்கொண்டே, சாமான் ஏற்றிய தள்ளுவண்டியைப் பின்னால் இழுத்தபடி கழுதை நடையில் போகும். யாராவது குறுக்கே வந்தால் நின்று, "தயவுசெய்து வழி விடவும், நன்றி" என்று பேசும். (குரல் என்னுடையது. ரெக்கார்டு செய்ய ஆள் வேண்டும் என்றதும் முதலில் கையைத் தூக்கியது யாராக இருக்கும்?) விலகினால் மறுபடி கிளம்பும். பேட்டரி குறைந்துவிட்டதென்றால் பார்க்கிற வேலையை அப்படியே போட்டுவிட்டு, தானே வழி பிடித்து, பி ஷெட்டின் கோடியில் இருக்கும் சார்ஜரில் போய் ஒட்டிக்கொள்ளும். அவற்றில் புதிதாக வந்த வண்டிக்கு நாங்கள் லட்சுமி என்று பெயர் வைத்திருந்தோம். லட்சுமியைப் பெற்றெடுத்தவள் மாதிரி நான் திரிந்துகொண்டிருந்தேன்.

இப்போது மாமனாருக்கு வருகிறேன். வடக்குப்பட்டு ஹவில்தார் கோதண்டம். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று எங்கள் கம்பெனி கேட்டில் செக்யூரிட்டி அதிகாரியாக இருந்தார். மீசை என்றால் அப்படி ஒரு மீசை. ஷிஃப்ட் பஸ் உள்ளே நுழையும்போது டிரைவர்கள் தங்களை அறியாமலே சட்டையின் மேல் பட்டனைப் போட்டுக்கொள்வார்கள். அடையாள அட்டையை மறந்துவிட்டு வந்த பொது மேலாளரையே "வூட்டுக்குப் போய் எடுத்துகினு வாங்க சார்" என்று திருப்பி அனுப்பியவர்.

இவருடைய ஒரே மகன் தணிகை பெயிண்ட் ஷாப்பில் இருந்தான். அவனும் நானும் விரும்பினோம். இதில் விவரித்து எழுத ஒன்றுமில்லை. கேன்டீனில் அவனுடைய முட்டையை எனக்குக் கொடுத்தான், நான் வாங்கிக்கொண்டேன். அவன் அம்மா அலமேலு அத்தைக்கு விஷயம் தெரியும், சம்மதமும்தான். ஹவில்தாரிடம் யார் போய்ச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. "நீ சொல்லு" என்று அம்மா மகனையும், "நீயே சொல்லும்மா" என்று மகன் அம்மாவையும் தள்ளிவிட்டே ஒரு வருஷம் ஓடிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையை ஸ்ரீபெரும்புதூர் கோவிலில் பார்த்தபோது ஹவில்தாருடைய கதையைச் சொன்னார். பனி மலையில் நடந்த சண்டையில் இருந்துவிட்டு வந்தவராம் ஹவில்தார். சண்டை ஜெயித்தபின் தில்லியில் அவருடைய படை அணிவகுத்துப் போகிறது, அதில் இவருக்கும் இடம் கிடைத்தது. மாதக்கணக்கில் பயிற்சி. ஊருக்கு போன் போட்டு, "மூணாவது வரிசைல ஓரமா வருவேன், டிவில பாரு" என்று சொல்லியிருக்கிறார். வடக்குப்பட்டே டிவி இருந்த வீட்டில் கூடிவிட்டது.

"அங்க இன்னாடான்னா, பரேடுக்கு மொத நாளு இவருக்குப் பொன்னுக்கு வீங்கி வந்திடுச்சி" என்றார் அத்தை. "குண்டுக்குத் தப்பிச்ச மனுசன், கன்னம் ரெண்டும் பன்னு மாதிரி ஊதிகினு ஆஸ்பத்திரில படுத்துகினு இருந்தாரு. எங்களுக்கு இன்னா தெரியும்? கண்ணு பூத்துப்போவ டிவியவே பாத்துகினு இருந்தோம். எங்க பெரியப்பா, தலப்பா கட்டின ஒரு சர்தார்ஜியக் காட்டி, 'தோ நம்ம கோதண்டம்'னாரு. நாங்களும் கைதட்டிட்டோம்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தையும் சிரித்தார். பிறகு சொன்னார்: "ஊர்ல இன்னும் அதச் சொல்லிச் சிரிப்பாங்க. இவரும் கூட சேர்ந்து சிரிப்பாரு. ஆனா ஒவ்வொரு வருசமும் டிவில அந்தப் பரேடு வந்தா எழுந்து கொல்லப்பக்கம் போயிடுவாரு. நான் கண்டுக்க மாட்டேன்."

அந்த வருஷம் எங்கள் கிளை, வேறு மாநிலத்தில் இருக்கும் எங்கள் கம்பெனியின் இன்னொரு கிளையைத் தோற்கடித்துத் தரத்துக்கான கோப்பையை வாங்கியது. உடனே ஹெச்.ஆர். நிவேதா மேடத்துக்கு ஒரு யோசனை உதித்தது. குடும்ப தினத்தில் 'போர் முடிந்து தலைநகரில் நடக்கும் வெற்றி அணிவகுப்பு' என்று ஒரு காட்சி. கேட்டிலிருந்து மைதானம் வரை உள்ள தார் ரோடுதான் தலைநகரத்து ராஜபாட்டை. டைம் ஆபீஸ் பக்கத்தில் தெர்மாகோலில் இந்தியா கேட். முன்னால் ஒரு டாங்கி, பின்னால் வீரர்கள், மைதானத்துப் பந்தலில் பெரிய அதிகாரிகளும் குடும்பங்களும். டாங்கியின் மேல் நின்று சல்யூட் அடித்தபடி வருகிற படைத்தலைவர் யார்? வேறு யார், நம் ஹவில்தார்தான்.

கேட்டதும் அவர் "டீக் ஹை மேடம்" என்று இந்தியில் சம்மதித்ததோடு சரி. ஆனால் அன்று சாயங்காலமே கடைக்குப் போய்ப் புது பூட் பாலிஷ் வாங்கிவந்தார் என்று தணிகை சொன்னான். அலமேலு அத்தை ஊரைக் கூட்டி, "இந்த வாட்டி கட்டாயம் தெரிவாரு, வந்து பாருங்க" என்று சொல்லி ஒரு வேனே பிடித்துவிட்டார். அணிவகுப்பு முடிந்த கையோடு, மனிதர் குளிர்ந்திருக்கும் நேரத்தில், எங்கள் விஷயத்தைப் போட்டு உடைப்பது என்று முடிவானது. ஆக, அவருடைய அணிவகுப்பும் என்னுடைய கல்யாணமும் ஒரே டாங்கியில் ஏறின.

அந்த டாங்கியைப் பிள்ளைப்பாக்கத்திலிருந்து வருகிற ஒரு டிராக்டரின் மேல் கட்டுவதாகத்தான் ஏற்பாடு. அதோடு விட்டிருக்கலாம். விட்டால் நான் பேச்சி இல்லையே!

"மேடம், டாங்கிக்குள்ள லுங்கி கட்டின டிரைவர் தெரிஞ்சா கேவலமா இருக்காதா? புகை வேற. நம்ம லட்சுமி இருக்கால்லா? டிரைவரே வேண்டாம். ரோட்டுல பட்டைய ஒட்டிட்டா அவபாட்டுக்குப் போவா" என்றேன்.

"ஆள் ஏறலாமா அதுல?" என்று கேட்டார் நிவேதா மேடம். நியாயமான கேள்வி.

"அரை டன் இழுக்குத வண்டி மேடம். ஹவில்தார் சார் என்ன அரை டன்னா?" என்றேன். நியாயமே இல்லாத பதில். ஆனால் கம்பெனியில் எதைச் சொன்னாலும் சத்தமாகச் சொன்னால் நம்பிவிடுவார்கள்.

ப்ளைவுட்டில் உடம்பு, பி.வி.சி. பைப்பில் பீரங்கிக் குழல், பச்சை பெயிண்ட். பெயிண்ட் அடித்தது தணிகை. (வருங்கால மனைவி சொன்னால் அடிக்காமல் இருப்பானா?) அவசரத்துக்கு வண்டியை நிறுத்த அதன் மூக்கில் ஒரு சிவப்பு பட்டன் உண்டு. டாங்கிக்கு மூக்கில் சிவப்புப் பொட்டு வைத்த மாதிரி இருந்ததால் அதையும் ப்ளைவுட் போட்டு மூடச் சொன்னேன். "எதுக்கும் அத விட்டு வைப்போமே" என்றான் தணிகை. "என் வண்டிய நிறுத்துத தேவையே வராது" என்றேன். அவன் ஆணி அடித்து மூடினான். எங்கள் தாம்பத்தியத்தின் போக்கு அன்றைக்கே தீர்மானமாகிவிட்டது.

அணிவகுப்புக்கு வீரர்களாக செக்யூரிட்டிகளும் லைன் பையன்களும் சேர்ந்தார்கள். நாடகக் கம்பெனியிலிருந்து உடை வாடகைக்கு எடுத்ததில் ராணுவச் சட்டை பத்தாமல் இரண்டு பேருக்குத் தபால்காரர் சட்டை வந்தது. ஹவில்தார் இந்தப் படையை வைத்துக்கொண்டு ஒரு வாரம் பாடுபட்டார். கட்டளையெல்லாம் இந்தியில்தான். 'தேஜ் சல்' என்றால் நடக்க வேண்டும். 'தாயினே தேக்' என்றால் தலையை வலப்பக்கம் திருப்ப வேண்டும். 'தம்' என்றால்தான் நிற்க வேண்டும்.

"டாங்கி எங்க போவுதோ அங்க போவணும்" என்று தினமும் கர்ஜித்தார். "ஏன், எதுக்குன்னு ஒருத்தனும் கேக்கக் கூடாது. நான் தம்முன்னு சொல்றவரிக்கும் இடி வுழுந்தாலும் நிக்கக் கூடாது. புரிஞ்சிதா?"

புரிந்துகொண்டார்கள். அதுதான் வினை.

குடும்ப தினத்தன்று காலையில் லட்சுமியைக் காட்டிக்கொள்ளாமல் இருக்க முடியவில்லை எனக்கு. ஹவில்தாரை ஏற்றி ஒத்திகை ஒன்று. மேடம் கேட்டார் என்று இன்னொன்று. பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள் என்று வேறொன்று. ப்ளைவுட் பாரம், ஹவில்தார் பாரம், வெயில், தார் ரோடு என்று லட்சுமியின் உயிர் போய்க்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. பெற்றவளுக்கே பிள்ளையின் பசி தெரியவில்லை.

மாலை நான்கு மணிக்கு அணிவகுப்பு புறப்பட்டது. ஹவில்தார் தன்னுடைய பழைய சீருடையில், மெடல்கள் பளபளக்க, டாங்கியின் மேல் தட்டில் பூட்ஸ்வரை தெரியும்படி நின்றார். சொல்லக் கூடாது, எனக்கே ஒரு கணம் புல்லரித்தது. பின்னால் ஸ்ரீபெரும்புதூர் பேண்டு செட். அவர்களுக்கு நன்றாக வாசிக்க வந்தது மாப்பிள்ளை அழைப்பு மெட்டுதான், அதையே வாசித்தார்கள். அதன் பின்னால் படை, தபால்காரர்கள் உட்பட. நான் டாங்கியின் ஓரமாக, கையை ஆட்டிக்கொண்டே நடந்தேன். என் வேலை அங்கே எதுவும் இல்லை. சும்மா, எல்லோரும் பார்க்கட்டும் என்றுதான்.

இந்தியா கேட்டைத் தாண்டினோம். ஏ ஷெட்டுக்கும் பி ஷெட்டுக்கும் நடுவில் ரோட்டின் குறுக்கே பழைய காந்தப் பட்டை ஒன்று போகும். தினமும் வண்டிகள் ஷெட் மாறும் பாதை. நான் ஒட்டிய புதுப் பட்டை அதைத் தாண்டி நேராக மைதானத்துக்குப் போக வேண்டும். அந்தச் சந்திப்பில் லட்சுமி ஒரு கணம் நின்றாள். இடது பக்க விளக்கு மினுக்கியது.

அந்த விளக்கு மினுக்கினால் என்ன அர்த்தம் என்று புதுப் பணியாளர்களுக்குப் பாடம் எடுப்பவளே நான்தான். 'எனக்குப் பசிக்கிறது, சார்ஜ் போடப் போகிறேன்' என்று அர்த்தம்.

லட்சுமி இடது பக்கம் திரும்பினாள். டாங்கி திரும்பியது. ஹவில்தார் சல்யூட் கலையாமல் டாங்கியோடு திரும்பினார். பேண்டு திரும்பியது. படை திரும்பியது. ஏன், எதற்கு என்று ஒருத்தனும் கேட்கவில்லை.

ஒலிபெருக்கியில் நிவேதா மேடம் உணர்ச்சி பொங்க வாசித்துக்கொண்டிருந்தார்: "இதோ! எதிரிகளை நடுநடுங்க வைத்த நமது டாங்கி உங்கள் கண்முன்னே!" பந்தலில் இருந்தவர்களின் கண்முன்னே அப்போது ஒரு நாய் ரோட்டைக் கடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

நிறுத்தும் பட்டன் ப்ளைவுட்டுக்கு உள்ளே. எனக்குத் தெரிந்த ஒரே வழி, குறுக்கே போய் நிற்பதுதான். ஓடினேன். டாங்கிக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றேன். லட்சுமி நின்றாள். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் டாங்கியின் வயிற்றிலிருந்து என் குரல் கேட்டது: "தயவுசெய்து வழி விடவும், நன்றி."

"இன்னாம்மா அது? குறுக்க நின்னுகினு?" மேலிருந்து ஹவில்தார் முழங்கினார்.

"மாமா, எறங்குங்க மாமா! வண்டி தப்பாப் போவுது!"

பதற்றத்தில் வாயிலிருந்து என்ன வந்தது பார்த்தீர்களா? ஒரு வருஷமாகக் கட்டிக் காத்த ரகசியம்! தணிகையும் அத்தையும் சொல்லப் பயந்ததை நான் பேண்டு வாத்தியத்தோடு சொல்லிவிட்டேன். ஹவில்தாரின் மீசை ஒரு தரம் துடித்தது. ஆனால் சல்யூட் அடித்த கை இறங்கவில்லை.

"பரேடு நடக்கசொல்ல குறுக்க வரக் கூடாது. வழி வுடு!"

"தயவுசெய்து வழி விடவும், நன்றி" என்றேன் நான், டாங்கிக்குள்ளிருந்து.

இரண்டு பேர் சொல்லிவிட்டார்கள், அதில் ஒருத்தி நானே. என்ன செய்ய? விட்டுவிட்டேன். அங்கேயே அசையாமல் நின்றிருந்தால் எல்லாம் அதோடு முடிந்திருக்கும். ஆனால் மாமனார் ஆகப்போகிறவர் அதட்டும்போது எந்த மருமகளுக்கு டெக்னாலஜி ஞாபகம் வரும்? டாங்கிக்கு முன்னால் பின்பக்கமாக ஓடிக்கொண்டே, "அய்யோ, அய்யோ" என்று கையை ஆட்டினேன். பேண்டுக்காரர்கள் நான் உற்சாகப்படுத்துவதாக நினைத்து இன்னும் ஓங்கி வாசித்தார்கள்.

பி ஷெட்டின் கதவு லட்சுமியைப் பார்த்ததும் தானாகத் திறந்தது. (அந்த ஏற்பாடும் என்னுடையதுதான்.) வாசலில் தொங்கும் ரப்பர் பட்டைகள் ஹவில்தாரின் முகத்தில் பட்டுப் பட்டு விலகின. கண்ணைக்கூடச் சிமிட்டாமல் உள்ளே போனார்.

உள்ளே அன்றைக்கு ஓ.டி. என்கிற மிகைநேர வேலை. அவசர ஆர்டர் ஒன்றுக்காக மாரீஸ்வரியின் லைன் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. குடும்ப தினத்துக்குப் போக முடியாமல், பிரியாணி வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு, ஒரு நாற்பது பெண்களும் பையன்களும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு கதவு அட்டைகளுக்குப் பஞ்சு ஒட்டிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ரப்பர் பட்டையை விலக்கிக்கொண்டு ஒரு டாங்கி உள்ளே வந்தது. அதற்கு முன்னால், பின்பக்கமாக ஓடியபடி நான்.

லைன் நிற்பது என்பது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. யாருக்குக் கல்யாணம், யாருக்குக் கருமாதி என்றாலும் ஆள் மாற்றி லைன் ஓடும். தலைக்கு மேல் ஒரு கயிறு தொங்கும். பெரிய ஆபத்தென்றால் அதை இழுத்து லைனை நிறுத்த வேண்டும். சேர்ந்ததிலிருந்து ஒருவர்கூட இழுத்து நான் பார்த்ததில்லை. இழுக்கத் தைரியம் வராது. மாரீஸ்வரி டாங்கியைப் பார்த்தாள், மேலே நின்ற மனிதரைப் பார்த்தாள், கையை உயர்த்தி இழுத்துவிட்டாள்.

லைன் நின்றது. கன்வேயர் சத்தம் அடங்கியதும் தகரக் கூரையின் கீழே பேண்டு வாத்தியம் மட்டும் இடி மாதிரி ஒலித்தது. எல்லோரும் எழுந்து நின்றார்கள். ஒரு பையன் விசில் அடித்தான். அவ்வளவுதான், வண்டிப் பாதைக்குப் போட்ட மஞ்சள் கோட்டின் இரண்டு பக்கமும் கூடிவிட்டார்கள். கைதட்டல், கூச்சல். யாரோ ஒருத்தி குப்பைக்கூடையிலிருந்து வெட்டிப்போட்ட பஞ்சுத் துண்டுகளை அள்ளி டாங்கியின் மேல் வீசினாள். உடனே எல்லோரும் வீச ஆரம்பித்தார்கள். வெள்ளையும் மஞ்சளுமாக ஹவில்தாரின் தொப்பியில், தோளில், மெடலில், மீசையில் வந்து ஒட்டிக்கொண்டது.

"தாயினே... தேக்!"

ஒரு வார ஒத்திகையிலும் அவரிடம் அந்தக் குரலை நான் கேட்டதில்லை. படை மொத்தமும் டக்கென்று தலையைத் திருப்பி, பெரிய அதிகாரிகளுக்கென்று ஒரு வாரம் பழகிய மரியாதையை ஓ.டி. பார்க்கிற பிள்ளைகளுக்குச் செலுத்தியது. அதுவரைக்கும் தபால்காரர்களின் கால் மட்டும் எந்த ஒத்திகையிலும் சேரவில்லை. அன்றைக்குச் சேர்ந்தது.

வெளியே ஒலிபெருக்கி சொல்லிக்கொண்டிருந்தது: "தொழில்நுட்பக் காரணங்களால் நமது வெற்றி சற்றுத் தாமதமாகிறது. அனைவரும் பொறுமை காக்கவும்."

லட்சுமி ஷெட்டின் கோடிவரை போய், சுவரில் இருந்த சார்ஜரில் முட்டி, 'க்ளிக்' என்று ஒட்டிக்கொண்டாள். பச்சை விளக்கு எரிந்தது. ஹவில்தார் சுவரைப் பார்த்தார்.

"பரேடு... தம்!"

எல்லாம் நின்றது. என் இதயமும்தான். போச்சு. எல்லாம் போச்சு. பாவம், அவருடைய தில்லியும் போச்சு. பந்தலில் வடக்குப்பட்டு மொத்தமும் காத்துக்கொண்டிருக்கிறது, இந்த முறையும் அவர் வரவில்லை. அதற்குப் பொன்னுக்கு வீங்கி காரணம், இதற்கு நான் காரணம். டாங்கியின் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டேன். கல்யாணம் நின்றதே என்றுகூட இல்லை. அந்தப் பளபளக்கிற பூட்ஸைப் பார்க்க முடியவில்லை.

அப்போது வாசல் பக்கம் ஒரு சண்டை கேட்டது.

"அம்மா, சேஃப்டி ஷூ போடாம உள்ள வுட மாட்டோம்மா!"

"தள்ளு நைனா! எம்புருசன் உள்ள இருக்காரு. எவன்டா என்னத் தடுக்கறது?"

அலமேலு அத்தை! பந்தலில் ஊர்க்காரர்கள், "இன்னா அலமேலு, இந்த வாட்டியும் ஆளக் காணோம்?" என்று கேட்க ஆரம்பித்ததும் எழுந்து, பேண்டு சத்தம் வந்த திக்கைப் பிடித்து, ரப்பர் செருப்போடு நடந்து வந்துவிட்டார். பின்னாலேயே வடக்குப்பட்டு வேன் மொத்தமும் வந்தது. தணிகையும் ஓடிவந்தான். மஞ்சள் கோட்டைத் தாண்டக் கூடாது என்று காலமெல்லாம் ஊருக்கு உபதேசம் செய்த ஹவில்தாரின் சொந்தக்காரர்கள் எல்லோரும் கோட்டைத் தாண்டிவிட்டார்கள்.

அத்தை டாங்கியின் அடியில் வந்து நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே அவர், பஞ்சு மழையில் நனைந்த மாதிரி, கையை இன்னும் தொப்பியிலிருந்து எடுக்காமல் நின்றார். இரண்டு பக்கமும் பிள்ளைகள் தட்டிக்கொண்டே இருந்தார்கள்.

"தெரியறய்யா" என்றார் அத்தை. "இன்னிக்கி நல்லாத் தெரியற."

அவ்வளவுதான் சொன்னார். ஹவில்தார் கையை இறக்கினார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பஞ்சு கண்ணுல வுழுந்திச்சி" என்றார். எங்கள் எல்லோர் கண்ணிலும்தான் விழுந்திருந்தது.

துடைத்து முடித்ததும் பழைய குரல் வந்துவிட்டது. "தோ, இந்தப் பொண்ணு என்ன மாமான்னு கூப்டுச்சே. இன்னா விசயம்?"

தணிகை தரையைப் பார்த்தான். (டாங்கிக்கு பெயிண்ட் அடிக்கத் தெரிந்தவனுக்கு வாயைத் திறக்கத் தெரியவில்லை.) அத்தைதான் முந்திக்கொண்டார். "உம்புள்ள இதத்தான் கட்டிக்கணுன்றான். ஒரு வருசமா உங்கையில சொல்லப் பயந்துகினு கீறான்."

அவர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்த கோலத்தை விவரிக்க விரும்பவில்லை.

"எங்க படையிலயே டாங்கிக்கு முன்னாடி ஒர்த்தனும் நிக்க மாட்டான்" என்றார் ஹவில்தார். "இது நின்னுச்சி. உம்புள்ளைக்கு முன்னாடி நிக்கறதா பெரிசு? பண்ணி வெய்யி."

அன்று நின்ற லைனுக்காக மறுநாள் விசாரணை நடந்தது. எங்கள் பிளான்ட் ஹெட் முகம் சிவந்து, "யார் கயிற்றை இழுத்தது?" என்று கேட்டார்.

"நான்தான் சார். ஆள் ஏறுன வண்டி ஷெட்டுக்குள்ள வந்தா இழுக்கணும்னு டிரெயினிங்ல நீங்கதான சார் சொன்னீங்க" என்றாள் மாரீஸ்வரி, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி. அவர் விசாரணைக் காகிதத்தை என் பக்கம் திருப்பினார். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதமும், லட்சுமியிடமிருந்து ஒரு மாதப் பிரிவும் கிடைத்தன. பி ஷெட் சுவரில் புதிதாக ஓர் எச்சரிக்கைப் பலகை மாட்டினார்கள். வண்டியின் மேல் ஒரு மனிதன் நிற்பது போலவும் அதன் குறுக்கே சிவப்புக் கோடு போட்டது போலவும் படம். எந்த மகராசன் வரைந்தானோ, அந்த மனிதனுக்கு மீசையும் வைத்துவிட்டான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு அதைக் காட்டி நான்தான் பாடம் எடுக்கிறேன்.

கல்யாணத்துக்கு மாப்பிள்ளை அழைப்பு கார் பேசப் போனபோது மாமா கார்க்காரரிடம் கேட்ட ஒரே கேள்வி, "ஓட்டறதுக்கு ஆளு உண்டில்ல?" என்பதுதான்.

எங்கள் வீட்டில் பொங்கல், தீபாவளி, காதுகுத்து எது வந்தாலும் இந்தக் கதை வந்துவிடும். மாமாவே ஆரம்பிப்பார். ஒவ்வொரு தடவையும் லைன் நின்ற நேரம் கூடிக்கொண்டே போகும். விசாரணைக் காகிதத்தில் சில நிமிஷமாக இருந்தது, எங்கள் கல்யாணத்தின்போது அரை மணி நேரமானது, மகள் பிறந்தபோது ஒரு ஷிஃப்ட் ஆனது. போன பொங்கலுக்கு ஒரகடம் மொத்தமும் நின்று, சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் லாரிகள் வரிசை கட்டி நின்றுவிட்டன. யாரும் திருத்துவதில்லை. கயிற்றை இழுத்த மாரீஸ்வரியே பக்கத்தில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டு, "ஆமா ஆமா" என்றுதான் சொல்வாள்.

சொந்தக்காரர் யாராவது என்னைக் காட்டி, "இத்தினியும் பண்ணது இந்தப் பொண்ணுதான்" என்று சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். முதலில் கொஞ்சம் குத்தும், பிறகு பழகிவிட்டது. போன பொங்கலுக்கு எங்கள் ஐந்து வயது மகள்தான் திடீரென்று கேட்டாள்: "தாத்தா மேல நின்னாரு, எல்லாரும் பின்னாடி வந்தாங்க. அம்மா மட்டும் ஏன் தாத்தா முன்னாடி ஓடுனாங்க?"

தணிகை வழக்கம்போலத் தரையைப் பார்த்தான்.

மாமா மீசையை நீவிக்கொண்டே சொன்னார்: "பெரிய பரேடு எதுவா இருந்தாலும் முன்னாடி வழி காட்டிகினு ஒரு பைலட் போவணும், கண்ணு. எனக்கு உங்கம்மா போச்சு."